தம்பிக்கு எதற்கு ரத்தப் பரிசோதனை?

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில், மூத்த மகளுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்ய நாள் குறித்திருந்தோம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, விழுப்புரத்தில் வேலை பார்க்கும் என் கடைசித் தம்பிதான்.

என் சின்ன மகளுக்கு வெயில் ஆகாது. ஐந்து நிமிடம் பட்டாலே முகம் வெந்துபோகும், கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழும். வெயில் பட்டால் எல்லார் தோலும் உள்ளுக்குள் கொஞ்சம் கெட்டு, தானே சரியாகிவிடுமாம். இவள் உடம்புக்குப் பிறவியிலேயே அந்த ரிப்பேர் வேலை தெரியாதாம். நானும் என் கணவரும் சொந்தத்தில் கட்டியவர்கள், இருவரிடமும் ஒளிந்திருந்த பாதிப் பாதிக் குறை அவளிடம் முழுதாகச் சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பாதிதான் காதில் ஏறியது, மீதி பயமாகவே தங்கிவிட்டது.

பூ வைக்க ஒரு வாரம் இருக்கும்போது கிராம நர்ஸ் வந்தார். "உங்க தம்பிக்கும் பெரிய பொண்ணுக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு முடிவு பண்ணுங்கம்மா. டாக்டர் சொல்லி அனுப்பினாரு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வெளியில் யாருக்கும் சொல்லாத சம்பந்தம் டாக்டருக்கு எப்படித் தெரியும்? நன்றாக இருக்கிற இரண்டு பேருக்கு எதற்கு டெஸ்ட்? திண்டிவனத்தில் இருக்கும் என் நாத்தனார், தன் மகனுக்கு மூத்தவளைக் கேட்டு நாங்கள் மறுத்தது நினைவுக்கு வந்தது. சரிதான், கலைக்கப் பார்க்கிறார்! நர்ஸை உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன்.

அவர் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். "ஏன் அண்ணி, டாக்டர்கிட்ட வத்தி வெச்சது நீங்கதான?"

மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. "ஆமா, நான்தான் சொன்னேன். இன்னா இப்போ?"

நான் கத்தி ஓயும்வரை பொறுத்திருந்தார். பிறகு சொன்னார்: "என் பையனுக்கும் சொந்தத்துலதான தேடிக்கினு இருக்கேன்? அதான் அவனைக் கூட்டிக்கினு போய் டெஸ்ட் பண்ணேன். அவனுக்கும் அந்தப் பாதி இருக்குதாம். இனிமே உன் பொண்ணைக் கேக்க மாட்டேன், பயப்படாத. உன் தம்பியும் உன் கூடப் பொறந்தவன்தான? ஒண்ணை வெச்சிக்கினு நீ அழுவுறது பத்தாதா, உன் பொண்ணும் அழுவணுமா?"

"என்கிட்ட ஏன் நேரா சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா? நான் குடுத்த பலகாரத்தையே மோந்து பாத்துட்டுத் துன்றவ நீ!"

அப்போதும் முழுதாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். தம்பிதான், "ஒரு ஊசிதானக்கா, போச்சு" என்று மூத்தவளையும் அழைத்துப் போனான். பூ வைப்பதைத் தள்ளிப்போட்டோம்; முடிவு வர வாரக்கணக்கானது. இருவருக்கும் அந்தப் பாதிக் குறை இருந்தது.

கல்யாணப் பேச்சு நின்றது. மூத்தவள் ஒரு மாதம் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று இருவருக்கும் வெவ்வேறு இடத்தில், அந்நியத்தில் கல்யாணமாகியிருக்கிறது. மூத்தவளின் மகன் உச்சி வெயிலில் வாசலில் ஓடும்போது, ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் எனக்கு நெஞ்சு பதறும். திரை போட்ட ஜன்னலுக்குள்ளிருந்து சின்னவள் அவனைக் கூப்பிட்டுச் சிரிப்பாள்.

யார் எது சொன்னாலும் உள்நோக்கம் தேடுகிற என் புத்தி இன்னும் முழுதாக மாறவில்லை. ஆனால் என் பிள்ளைக்கு நல்லது நினைத்தவர் என்னிடம் நேராக வந்து சொல்ல முடியாதபடி நான் இருந்திருக்கிறேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.