சோற்றுப் பானையில் ஒரு குளியல்

வெந்நீரில் குளிப்பதற்காக எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் திருகோணமலைக்குப் போனோம் என்று சொன்னால், மாத்தளை டவுனில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்த அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தது என் அம்மா. எல்கடுவைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதுவரை கோயிலுக்கோ கூட்டத்துக்கோ வேன் பிடித்ததெல்லாம் ஆம்பிளைகள்தான். முதன்முதலாக ஒரு பொம்பளை பிடித்தாள், அதுவும் குளிக்கப் போக.

அப்பாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "அடுப்புல வச்சா தண்ணி இங்கேயே சுடாதா? அதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா?" என்று கேட்டார். அம்மா அடுத்த வீட்டுக்கு ஆள் சேர்க்கப் போய்விட்டாள். திருகோணமலைப் பக்கத்துக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, விறகும் வேண்டாம் புகையும் வேண்டாம் என்பது அவளுடைய பிரசாரம். அது போதாதென்று அவளுடைய தம்பி, என் மாமா, போனில் ஒரு வீடியோவை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டினார். ஏதோ வெளிநாட்டில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் மரத்து உயரத்துக்குப் பீய்ச்சியடிக்கும். சுற்றி நின்று வெள்ளைக்காரர்கள் கைதட்டுவார்கள். இதுதான் கன்னியா என்று மாமா ஒருநாளும் சொல்லவில்லை. இது இல்லை என்றும் சொல்லவில்லை. வேன் நிரம்பிவிட்டது. கடைசியில் அம்மா, அப்பா வராவிட்டால் தானும் போகப்போவதில்லை என்று ஒரே பிடியாக நின்றாள். ஏற்பாடு செய்தவளே போகாவிட்டால் ஊர் சிரிக்குமே என்று அப்பாவும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

தம்புள்ளையில் பிளேன்டீ குடித்து, ஹபரணைக் காட்டில் யானையைத் தேடிக் கழுத்து வலித்து, வெயில் ஏறும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். நான் முதல் ஆளாகக் குதித்து ஓடினேன். கிணறுகளைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஏழும் எங்கள் தோட்டத்து மாட்டுத் தொட்டி அளவுதான். பீய்ச்சியடிப்பது இருக்கட்டும், தண்ணீர் அசையவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். அது விடியற்காலையில் மட்டும்தான் அடிக்கும் என்று மாமா கூசாமல் சொன்னார்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கிணறுகளுக்குள் இறங்கக் கூடாது. அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். எங்களிடம் சவர்க்காரம் இருந்தது, ஷாம்பு இருந்தது, ஆளுக்கொரு துவாய் இருந்தது, முதுகு தேய்க்கப் பீர்க்கங்காய் நார்கூட இருந்தது. வாளி மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? நாங்கள் பிறந்ததிலிருந்து பீலியில் குளிக்கிறவர்கள். மலையிலிருந்து குழாய் வழியாக வருகிற தண்ணீர் தானாகத் தலையில் கொட்டும். நாம் போய் நின்றால் போதும். குளிக்க வாளி வேண்டும் என்பது அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே இருந்த வாளிகளெல்லாம் எங்களுக்கு முன்னே ஒரு பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் கையில். அவர்களுக்குப் பின்னால் ஒரு கல்யாணக் கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. டிரைவரோ ஒரு மணித்தியாலம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அப்பாவுக்கு வந்ததே சந்தோஷம்! எல்லாரும் முகத்தைக் கழுவிக்கொண்டு வேனில் ஏறுங்கள், கடலையாவது பார்ப்போம் என்றார். ஆட்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர்கள் குளிக்காமல் திரும்பினால் இனி லயத்தில் அம்மாவின் பேச்சை நாய்கூடக் கேட்காது என்பது பத்து வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

அம்மா வேனுக்குள் ஏறினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மஞ்சள் சோறு ஆக்கி எடுத்து வந்திருந்த பெரிய அலுமினியப் பானையை இழுத்து வெளியே வைத்தாள்.

"எல்லாரும் சோத்தத் தின்னுங்க. எனக்குப் பானை வேணும்."

காலைச் சாப்பாடே இன்னும் செரிக்கவில்லை. இருந்தாலும் தின்றோம். எனக்கு இரண்டாம் தரமும் அள்ளி வைத்தாள். மாமா, வீடியோ காட்டிய பாவத்துக்கு, மூன்று ஆள் சோற்றைத் தின்று தீர்த்தார். பிறகு அக்காவும் அம்மாவும் பானையைத் தூரமாகக் கொண்டுபோய் மண்போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள்.

அதற்கப்புறம் நடந்தது திருவிழா. ஆளுக்கு இரண்டு பானை, பெரியவர்களுக்கு மூன்று. அம்மாதான் அள்ளினாள், அம்மாதான் ஊற்றினாள். என் தலையில் முதல் பானை விழுந்தபோது பீய்ச்சியடிக்கிற தண்ணீரை நான் அடியோடு மறந்துவிட்டேன். அவ்வளவு சுகம்! எங்கள் பானை வாளிகளைவிடப் பெரியது என்பதால் பஸ்காரர்களில் ஒரு சிங்கள அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே வந்து தன் முதுகைக் காட்டினார். தோளில் பையோடு நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் ஒரு பானை கிடைத்தது. அவள் போட்ட கூச்சலில் எல்லாரும் கைதட்டினோம். என் அம்மாவைப் போல ஒருத்தி இந்த உலகத்தில் இல்லை என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

டிரைவர் ஹோர்ன் அடித்தார். எல்லாரும் குளித்தாகிவிட்டது, மரத்தடியில் பைகளோடு உட்கார்ந்திருந்த அப்பாவைத் தவிர. இருக்கிறதிலேயே சூடான கிணற்றில் பானையை நிரப்பி, மாமாவை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, அம்மா நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு வேணாம். தடிமன் புடிக்கும்."

"வேன்ல வந்த எல்லாரும் குளிச்சாச்சு. சட்டையக் கழட்டுங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் என்ன செய்வார்? மாமாதான் சட்டையைக் கழற்றிவிட்டார். ஃபெக்டரியில் கொழுந்து மூட்டை சரிந்து விழுந்ததிலிருந்து அப்பாவுக்கு வலது கை மேலே எழும்பாது. எண்ணெய் போட வந்த வைத்தியரைக்கூட, எனக்கு ஒன்றுமில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிய மனிதர் அவர்.

இப்போது பார், தலையில் கவிழ்த்துவிடப் போகிறாள் என்று நான் துள்ளினேன். அத்தனை நாள் பேசிய பேச்சுக்கு அதுதான் சரி. ஆனால் அம்மா பானையைச் சாய்த்து மெல்ல மெல்ல ஊற்றினாள். தண்ணீர் முழுவதும் அவருடைய வலது தோளிலேயே விழுந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். டிரைவர் மறுபடியும் ஹோர்ன் அடித்தார். அம்மா காதில் வாங்காமல் இன்னொரு பானை கொண்டுவந்தாள். அதுவும் தோளில்தான் விழுந்தது.

அத்தனை பேர் தலையில் சரியாக ஊற்றியவளுக்குக் கடைசி நேரத்தில் போய் இப்படிக் குறி தவறிவிட்டதே என்று எனக்கு ஒரே வருத்தமாகிவிட்டது.