வடக்கால வீட்டில் வைத்த பை

பனியில் சறுக்கக் கற்றுத்தரும் அந்தப் பயிற்சியில் சேர வயது வரம்பு இருந்தது. வருகிற மார்ச் மாதத்தோடு எனக்கு அது முடிந்துவிடும் என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தபோது எனக்குப் பகீரென்றது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்த ஆசை அது. இனிமேல் அடுத்த வருஷம் என்பதே கிடையாது. பக்கத்து நாற்காலியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி ‘ஐயோ’ என்று சொல்லிவிட்டேன்.

அப்போது நான் கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். வீடு சிதம்பரத்தில், கோயிலுக்கு மேற்கே ஒரு சின்னத் தெருவில். அம்மாவும் நானும்தான். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். மார்ச் வந்துவிட்டால் பள்ளியில் எனக்கு மரியாதை இல்லை. என் பீரியடையெல்லாம் கணக்கு டீச்சரும் சயின்ஸ் டீச்சரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். பந்துகளை எண்ணி அலமாரியில் பூட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் இமயமலையில் இருக்கும் ஔலியில் மார்ச் கடைசியில் நடக்கும் அந்த வருஷத்தின் கடைசி வகுப்பு எனக்கென்றே வைத்ததுபோல் இருந்தது. லீவு கேட்டதும் கிடைத்தது. அதுவே எனக்கு ஓர் அதிர்ச்சி.

அதுவரை நான் பார்த்த பனியெல்லாம் கடலூர் துறைமுகத்தில் மீன் பெட்டிக்குள் உடைத்துக் கொட்டுகிற ஐஸ்தான். இருந்தாலும் பயிற்சி எடுக்காமல் போவதா? தச்சரிடம் சொல்லி இரண்டு பலகை இழைத்து வாங்கி, சனிக்கிழமைகளில் சில்வர் பீச்சின் மணல்மேட்டில் காலில் கட்டிக்கொண்டு நின்றேன். முட்டியை மடக்கு, முன்னால் சாய், விழு. குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் தமிழ் டீச்சர் ஒரு நாள் பார்த்துவிட்டார்.

“என்னா டீச்சர், தரையில கட்டுமரம் வுடுறீங்களா?”

ஸ்டாஃப் ரூம் முழுக்க அந்த வாரம் அதே பேச்சு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

என்னைக் கடுப்பேற்றியது வேறு. இன்டர்நெட்டில் வழி தேடினால், எழுதியவர்கள் அத்தனை பேரும் கார் வைத்திருந்தார்கள். ‘டெல்லியிலிருந்து இரவில் காரில் கிளம்பவும்’ என்று ஒருவர். ‘ஜோஷிமட்டில் காரை நிறுத்திவிட்டு ரோப் காரில் ஏறவும்’ என்று இன்னொருவர். கார் இல்லாத மனுஷருக்குப் பனி கிடையாதா? ஆத்திரத்தோடு என் வழியை நானே போட்டேன். புதன்கிழமை காலை சிதம்பரத்தில் ரயில். ராத்திரி சென்னையில் டெல்லி ரயில். அங்கிருந்து ரிஷிகேஷுக்கு ஒரு பஸ், ரிஷிகேஷில் விடியற்காலையில் ஜோஷிமட்டுக்கு மலை பஸ், அங்கிருந்து மேலே ஔலிக்கு ரோப் கார். ஞாயிறு காலை வகுப்பில் நிற்க வேண்டும், இல்லையென்றால் காத்திருக்கிற வேறு ஒருவருக்கு இடம் போய்விடும். ஒன்று தவறினால் எல்லாம் தவறும்.

பயிற்சி நடத்துகிற இடத்துக்குப் போன் செய்து என் ஓட்டை இந்தியில் பனி இருக்குமா என்று கேட்டேன். “கொஞ்சம்தான் இருக்கு, சீக்கிரம் வாங்க” என்றார் அங்கிருந்தவர். நான் என்ன பக்கத்துத் தெருவிலா இருக்கிறேன்?

டிக்கெட்டை அம்மாவிடம் காட்டினேன். கால் ஒடிந்தால் எவன் கட்டுவான் என்ற பழைய புலம்பலை எதிர்பார்த்தேன். அம்மா அதைவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

“புதங்கிழமையா? வடக்கால சூலம்டீ. வடக்க போறவ புதங்கிழமையா கெளம்புவா?”

“வியாழக்கெழம கெளம்புனா போயி சேர முடியாதும்மா.”

“அப்ப பரஸ்தானம் வச்சிடுறேன்.”

எங்கள் தெருவில் இன்றும் சில வீடுகளில் இந்த வழக்கம் உண்டு. கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பொருள் ஒன்றை, போகிற திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அப்போதே பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நாளில் கிளம்பினாலும் தோஷமில்லை. ஒரு துண்டுத் துணி வைத்தாலே போதும். அம்மாவுக்கு அரைகுறை வேலை பிடிக்காது. என் பை முழுவதையும், கையுறை, கம்பளிச் சட்டை, மருத்துவச் சான்றிதழ் உட்பட, வைக்கப்போகிறேன் என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வடக்கே இருந்தது ஒரே வீடு. அந்த வீட்டு மாமாவோடு எனக்கு ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியில் கணக்கு எழுதுபவர் அவர். ஐம்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு ஒரு பழைய மாருதி வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்டார். தெருவோ இரண்டு மாடு எதிரெதிரே வந்தால் ஒன்று யோசிக்க வேண்டிய அகலம். காரின் பாதி அவர் வீட்டு வாசலில் நிற்கும், மீதிப் பாதி எங்கள் வாசலில். போட்ட கோலத்தின் மேல் சக்கரம். பஸ் ஸ்டாண்ட் வரை நான் போகும் மொபெட்டை வெளியே எடுக்க முடியாது. ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற எரிச்சலில், “கார் வாங்கத் தெரிஞ்சவருக்கு எடம் வாங்கத் தெரியலையா?” என்று தெருவே கேட்கக் கேட்டேன். அவர் காரை வடக்கே தெருக்கோடிக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து அங்கேதான் நிறுத்துவார். என்னைக் கண்டால் கண்ணாடியைத் துடைப்பார். நானும் வானத்தைப் பார்ப்பேன்.

“வேற வூடே கெடைக்கலியாம்மா ஒனக்கு?”

“வடக்கால அவுங்க வூடுதான இருக்கு? நீ சண்ட போட்டன்னு தெசய மாத்த முடியுமா?”

திங்கட்கிழமை ராகு காலம் கழிந்ததும் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தவளிடம், மாமா என்ன சொன்னார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

“பனியில சறுக்கவா, இந்த வெயில் காலத்துலயான்னு கேட்டாரு. அவ்ளோதான்.”

அவ்வளவுதான் இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

புதன்கிழமை காலை குளித்து முடித்து வாசல் கதவைத் திறந்தேன். எதிரே கார். பாதியல்ல, முழுக் காரும் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு வடக்கே மூக்கை நீட்டி நின்றது. ஒரு வருஷம் ஒழுங்காக இருந்த மனுஷர், நான் ரயில் பிடிக்க வேண்டிய அன்றைக்கென்று பார்த்து இப்படிச் செய்கிறாரே என்று எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“மாமா! வண்டிய எடுங்க! இன்னிக்காச்சும் நான் வெளிய போவ வேணாமா?”

காருக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி வெளியே வந்து, இன்னும் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் பையை எடுத்து வரலாம் என்று அவர் வீட்டுப் படி ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் பாய் விரிப்பில் மாமா படுத்திருந்தார். பக்கத்தில் அத்தை, அவருடைய மனைவி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. கையில் ஒரு டம்ளர் காப்பி, ஆடை படிந்து, ஆறிப்போயிருந்தது.

“எடுக்கத்தான் சொன்னேன்” என்றார் என்னைப் பார்த்து. “எழுப்புனேன். எழுந்திருக்கல.”

எனக்குப் புரியவில்லை. குனிந்து மாமாவின் கையைத் தொட்டேன். தொட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அந்த வீட்டில் ஒருவர் இறந்துபோயிருக்கிறார், அதை அத்தைக்கு அடுத்தபடி முதலில் தெரிந்துகொண்டவள், அவர் பேரில் தெருவில் நின்று கத்திவிட்டு வந்த நான்.

“ஒன்ன ஸ்டேஷன்ல கொண்டு போயி வுடணும்னுதான் ராத்திரியே வண்டிய ஒங்க வாசல்ல வச்சாரு” என்றார் அத்தை. “அம்மாகிட்ட கூட சொல்லாதன்னாரு. சொன்னா அந்தப் பொண்ணு வேணாம்னுடும், வாசல்ல நின்னா ஏறித்தான ஆவணும்னு சிரிச்சாரு.”

நான் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. என் சத்தம் கேட்டு வந்த அம்மாதான் முதலில் அலறினாள். பிறகு தெருவே வந்தது.

பெரிய மழையில் கரண்ட் போனதுபோல் எல்லா வீட்டிலும் வேலை நின்றது. பிணம் போகும்வரை எங்கள் தெருவில் அடுப்பு எரியாது. ரயில் போகிற நேரம் போயிற்று. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும்தான். ஆனால் பொய் சொல்வானேன், அந்தச் சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தபோதும் மனசின் ஒரு மூலையில் வயது வரம்பு துருத்திக்கொண்டுதான் இருந்தது. மதியத்துக்குள் பஸ் பிடித்தால் டெல்லி ரயிலை எட்டிப்பிடிக்கலாம். நினைத்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அம்மா என் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப்போனாள். முகம் வெளுத்திருந்தது.

“பரஸ்தானம் வச்ச வூட்டுலயே சாவுடீ. பை உள்ளாற இருக்குது. இனி அத நீ தொடக் கூடாது, போவவும் கூடாது. ஒன்னையும் வாரிக் குடுக்க என்னால முடியாது.”

சூலத்தை நம்பாத நான் அப்போது எதிர்த்துப் பேசவில்லை. அம்மா பிடித்த கையை விடவே இல்லை. சரி, போகவில்லை என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, நெஞ்சில் எதுவோ அறுந்து விழுந்தது.

மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பண்ருட்டியிலிருந்து அவருடைய தம்பி ஆட்களோடு வந்து சேர்ந்தார். சவ வண்டி தெருவின் தெற்கு முனைக்கு வந்து நின்றுவிட்டது. உள்ளே வர வழியில்லை, மாமாவின் கார் அடைத்துக்கொண்டிருந்தது. தம்பி சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்தார். கார் இருமியது, கிளம்பவில்லை. அதைக் கிளப்பும் சூட்சுமம் மாமா கைக்கு மட்டும்தான் தெரியும். தள்ளித்தான் ஆக வேண்டும். ஸ்டியரிங் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள்.

அத்தை படியில் வந்து நின்றார். காலையிலிருந்து அவர் எழுந்தது அப்போதுதான்.

“அவ ஒக்காரட்டும்” என்று என்னைக் காட்டினார். “அவ பை அதுலதான் இருக்கு.”

அம்மா திரும்பினாள். “காருலயா? நான் ஒங்க வூட்டுல இல்ல வச்சேன்?”

“நீங்க இந்தப் படியிலதான வச்சீங்க? வூட்டுக்குள்ள எடுத்துட்டு வரவே இல்ல. நீங்க அந்தாண்ட திரும்புனதும் நேரா தூக்கிம்போயி டிக்கில வச்சிட்டாரு. எப்படியும் வண்டியில போவப்போறது, ரெண்டு வேல எதுக்குன்னாரு.”

அம்மா காரைப் பார்த்தாள், அது நிற்கும் திசையைப் பார்த்தாள், கோபுரத்தைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

“அவரு சொன்ன சொல்லு” என்றார் அத்தை. “முடிஞ்ச மட்டும் கொண்டு போயி வுடட்டும்.”

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. மாமாவின் இருக்கையில் உட்கார்ந்தேன். இருக்கையில் அவர் போட்டிருந்த துண்டு விரிப்பு அப்படியே இருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஆண்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். சத்தமே இல்லாமல் கார் நகர்ந்தது. எங்கள் வாசலை விட்டு, அவர் வாசலைத் தாண்டி, வடக்கே, நான் போட்ட சத்தத்துக்காக ஒரு வருஷம் அவர் கொண்டுபோய் நிறுத்திய அதே தெருக்கோடிக்கு. அங்கே பிரேக்கை மிதிக்கச் சொன்னார்கள். மிதித்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. இறங்கச் சொல்லியும் இறங்க முடியாமல், ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கேவிக் கேவி அழுதேன்.

மாமாவைக் கொண்டுபோனார்கள். நான் தலைக்குக் குளித்துவிட்டுத் தெருக்கோடிக்கு வந்தபோது அம்மா எனக்கு முன்பே கார் பக்கத்தில் நின்றிருந்தாள். டிக்கியை அவளே திறந்தாள். பையை அவளே எடுத்து என் தோளில் மாட்டினாள்.

“வூட்டுக்குள்ள போவல. வடக்க பாத்துதான் நின்னுருக்குது” என்றாள். பிறகு, “போயிட்டு வா” என்றாள்.

பஸ்ஸில் சென்னைக்குப் போய், டெல்லி ரயிலில் ஓடிப்போய் ஏறினேன். மலை பஸ்ஸில் வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த வகுப்பில் நான் நின்றேன். மலையின் மற்ற பக்கமெல்லாம் கரைந்து புல் தெரிந்தது. வெயில் படாத ஒரே ஒரு சரிவில்தான் பனி மிச்சமிருந்தது. பலகையைக் கட்டிய மறு நிமிஷமே விழுந்தேன். சில்வர் பீச் மணலைவிட அது எவ்வளவு கெட்டி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் டெல்லிக்காரர்கள், சொந்தக் காரில் வந்தவர்கள். தெற்குக் கோடியிலிருந்து ஒருத்தி தனியாக வந்திருக்கிறாளே என்று என்னைச் சுற்றிக்கொண்டார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வந்தீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள்.

ரயில், பஸ், ரோப் கார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“எங்க தெருவுலேர்ந்து கார்லதான் கிளம்பினேன்” என்றேன்.