இரண்டு சீட்டில் இரண்டு வியாதி

எங்கள் ஆனையூர் குடியிருப்பில் யாருக்காவது உதவி திரட்டினால், காகிதங்களைச் சரிபார்ப்பது நான்தான். எதையும் லேசில் நம்பமாட்டேன்.

போன மாதம் உசிலம்பட்டிக்காரர் ஒருவர் மகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு உதவி கேட்டு வந்தார். ஃபைலைப் புரட்டினேன். ஒரு ஆஸ்பத்திரி சீட்டில் ஒரு வியாதி, இன்னொன்றில் வேறு. இரண்டும் நான் கேள்விப்படாத பெயர்கள். மாட்டிக்கிட்டான் என்று நினைத்தேன். அவரை உட்காரக்கூடச் சொல்லாமல், சீட்டுகளைப் படம் எடுத்து, "போலி, யாரும் பணம் அனுப்பாதீங்க" என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டுத்தான் கேட்டேன்: "ரெண்டுல எதுய்யா நிஜம்?"

"அதத்தாண்ணே நாங்களும் ஆறு மாசமா ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக் கேட்டுத் திரிஞ்சோம். அம்புட்டு அபூர்வமான புத்துநோயாம். மொதல்ல வேற வியாதின்னு மருந்து குடுத்துட்டாங்க."

அப்போதும் நம்பாமல் மறுநாள் அவரோடு ஆஸ்பத்திரிக்கே போனேன். டாக்டரும் அதையேதான் சொன்னார்.

குரூப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை. 'போலி' மட்டும் அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூட குரூப் வரை போயிருந்தது.

இப்போதும் காகிதம் பார்க்கிறேன், சந்தேகமும் படுகிறேன். ஆனால் வந்தவருக்கு முதலில் நாற்காலி போடுகிறேன். அவர் சொல்லி முடிக்கும்வரை செல்போன் உள்ளறையில் கிடக்கிறது.