கை வலியும் என் பயமும்

குழந்தை பிறந்து மூணு மாசமாக எனக்குத் தூக்கமே இல்லை. பிள்ளையைத் தூக்கினால் கீழே போட்டுவிடுவேனோ என்று நெஞ்சு படபடக்கும். மாமியாரிடம் சொன்னேன். "ஏளா, வெளியில மூச்சு விடாத. பைத்தியக்காரின்னு பேரு கட்டிருவாவ" என்றார். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி பிள்ளையை அவரிடமே கொடுத்துவிடுவேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து என் வீட்டுக்காரர் கடலுக்குப் போனார். ரெண்டு மாசம் சும்மா இருந்த உடம்பு. வலை இழுத்துவிட்டு வந்த மறுநாள் கை வலியில் சட்டைகூட மாட்ட முடியவில்லை. "ஏலே, கட்டில்ல கெடந்து வளர்த்த கைதானே!" என்று கூட்டாளிகள் வாசலில் நின்று சிரித்தார்கள்.

அந்த நேரம் பிள்ளையைப் பார்க்க நர்ஸம்மா வந்தார்கள். "திடீர்னு வேலை கொடுத்தா சதை நோகத்தான் செய்யும், சரியாயிரும்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று என்னைக் கேட்டார்கள்.

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா" என்று மாமியார் முந்திக்கொண்டார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பிள்ளை பெத்த நிறைய பேருக்கு இப்படி வரும். டாக்டரைப் பாத்தா குணமாகும்" என்றார்கள் நர்ஸம்மா.

மாமியார் வாசலை எட்டிப் பார்த்து, "மெதுவாப் பேசுங்க" என்றார்.

"எம்மா, என் கை வலியைத் தெரு பூரா சொல்லுதேன். இவ சொன்னா மட்டும் கேவலமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் நானும் அவரும் பிள்ளையோடு பெரியாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனோம். கை வலியில் அவரால் பிள்ளையைத் தூக்க முடியாது. வழி பூரா நான்தான் வைத்திருந்தேன். பயந்தபடியே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பயம் இன்னும் வரத்தான் செய்கிறது. வந்தால் இப்போது சத்தமாகவே சொல்லிவிடுகிறேன்.