உள்ளங்காலில் வைத்த பொட்டு

ரேணுகாம்பாளை நான் முதலில் பார்த்தது 1979 புரட்டாசியில், பட்டமளிப்பு அங்கியோடு படம் எடுத்துக்கொள்ளத் திருவண்ணாமலை ஸ்டுடியோ ஒன்றுக்குப் போனபோது. எங்கள் வம்சத்தில் அந்தக் கறுப்பு அங்கியைத் தோளில் போட்ட முதல் ஆள் நான். ஸ்டுடியோ அவர் கணவர் கண்ணாயிரத்துடையது. ஆனால் கேமராவுக்குப் பின்னால் நின்றது ரேணுகாம்பாள்தான்.

"மூச்ச விடு தம்பி. டிகிரி எங்கயும் ஓடிடாது" என்றார். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

படத்தை வாங்கப் போன அன்று என் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. அக்கா சந்திரகலாவின் கணவர் இராமலிங்கம் மாமா பட்டாளத்தில், காஷ்மீர்ப் பக்கம் இருந்தார். ஆறு மாதக் குழந்தை வள்ளியை அவர் இன்னும் பார்த்ததில்லை. வேறொரு இடத்தில் எடுத்து நாங்கள் அனுப்பிய படத்துக்கு இப்படி எழுதியிருந்தார்: 'பவுடரும் மையும்தான் தெரிகிறது. முகம் எங்கே? அடுத்த மாதம் மலைமேல் காவலுக்குப் போகிறேன். பனி மூடினால் ஆறு மாதம் தபால் வராது.'

என்னிடமிருந்த பிரதியை ரேணுகாம்பாள் வாங்கிப் பார்த்தார். முகமெல்லாம் பவுடர், கன்னத்தில் நாலணா அகலத்துக்குத் திருஷ்டிப்பொட்டு, அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய சங்கிலி, நடுவே ஓர் அழுகை.

"இங்க தூக்கிட்டு வராதீங்க, நானே வரேன். குழந்தை காலையில தூங்கி எப்ப எழுந்திருக்கும்?"

"அக்காவத்தான் கேக்கணும்" என்றேன்.

"பி.எஸ்சி. படிச்ச தாய்மாமனுக்கு இது தெரியலையா?"

ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரில் பஸ் இறங்கி எங்கள் ஊருக்கு நடந்தே வந்தார். வந்ததும் கேமராவைத் தொடவில்லை. வீடு முழுக்க நடந்து, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்தார். பின்வாசல் ஓரம் பாய் விரித்து, அதற்கு எதிரே என் வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டார். இருட்டாயிருந்த பாதிப் பாயும் வெளுத்தது. ஒளி எதிரொளிப்பதைப் பற்றிப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதியவன் நான். அந்த ஒளி வேட்டியிலிருந்து கிளம்பிப் போய் ஒரு குழந்தையின் கன்னத்தில் உட்காருவதை அன்றுதான் கண்டேன்.

அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்து, முகத்தைக் கழுவித் தூக்கி வந்தாள். என் அம்மா கன்னியம்மாள் மைக் கிண்ணத்தோடு குறுக்கே நின்றாள்.

"பொட்டு இல்லாம எடுக்க விடமாட்டேன். பத்து பேரு பாக்கிற படம்."

"கன்னத்துல வெச்சா போன தடவ மாதிரியே..." என்று ஆரம்பித்தேன்.

"உன் படிப்ப வெளியில வெச்சுக்கோ."

ரேணுகாம்பாள் குறுக்கிட்டார். "வைங்கம்மா. பெருசாவே வைங்க. உள்ளங்கால்ல வெச்சா ஆவாதா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஆவும்" என்று வைத்தாள், நாலணாவைவிட ஜாஸ்தியாகவே.

பிறகு ரேணுகாம்பாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தார். "என்னாடி இது, டவுன் பொம்பள பல்லி மாதிரி படுக்குது" என்று அம்மா அக்காவின் காதில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"நின்னுகிட்டு எடுத்தா மண்டைதாங்க தெரியும்" என்றார் படுத்தபடியே.

யாரையும் கைதட்டவோ கிலுகிலுப்பை ஆட்டவோ விடவில்லை. பன்னிரண்டு படம் பிடிக்கும் ஒரே ஒரு ரோல். இரண்டு எடுத்தார். அப்புறம் சும்மா கிடந்தார். அரை மணி ஆயிற்று. அம்மாவே பேச்சை நிறுத்திவிட்டாள். மல்லாந்து கிடந்த வள்ளி காலைத் தூக்கினாள். பாதத்தில் கறுப்பாக ஏதோ இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, வாய் லேசாகத் திறந்தபடி அதையே பார்த்தாள், தனக்கு ஒரு கால் இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தமாதிரி. கேமரா மெல்லச் சொடுக்கியது.

எடுத்து முடித்த பிறகும் ரேணுகாம்பாள் எழவில்லை. "எத்தினி வீடு போயிருக்கேன் தம்பி. இன்னும் ஒண்ணு மாதிரி ஒண்ணு பாக்கல" என்றார்.

படம் பனிக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. மாமாவிடமிருந்து ஒரே வரி வந்தது: 'முகம் தெரிகிறது.' அடுத்த சித்திரையில் லீவில் வந்தவர், தத்தி நடந்த மகளைத் தூக்கி, முதலில் அவள் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். வெறுங்காலாக இருந்தது. அம்மா மைக் கிண்ணத்தை எடுக்க உள்ளே போனாள்.

இது 1987. ரேணுகாம்பாள் அதே ஸ்டுடியோவின் மேல்மாடியில் குடியிருக்கிறார். காலையில் கூப்பிட்ட வீட்டுக்குப் போய்த் தரையில் படுக்கிறார். மத்தியானத்துக்கு மேல் கடையில் இருப்பார்.