முகப்பில் என் படம்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான். குமணன்சாவடியில் உள்ள எங்கள் கிரைண்டர் கடைக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தவர் சலீம். அதன் முகப்பில் என் படம்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பணி ஓய்வு விழாவில் ரோஜா மாலையோடு எடுத்த படம் அது.

இரண்டு மாதமாகியும் ஒரு ஆர்டர்கூட வரவில்லை.

"தெனம் நூறு பேரு வர்றாங்க சார். மூணு செகண்டுல ஓடிர்றாங்க. படத்த மாத்திப் பாக்கலாமா?" என்றார் சலீம்.

"உனக்கு வேலை தெரியலைன்னு சொல்லு! நாளையிலிருந்து வராதே!" என்று வாடிக்கையாளர்கள் எதிரிலேயே கத்தினேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு பெண்மணி போன் செய்தார்.

"கிரைண்டர் வாங்கலாம்னு பாத்தேன். கட தொறந்துகீதா? பெரியவரு எப்போ தவறுனாரு?"

"எந்தப் பெரியவர்?"

"அதான், மாலை போட்டு வெச்சுகீறீங்களே!"

"அம்மா, அவர்தான் பேசறேன்."

அலறிக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

உடனே சலீமை போனில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். சிரித்தபடியே திரும்பி வந்தார். என் படம் இருந்த இடத்தில் கிரைண்டர் வந்தது. அந்த வாரமே நான்கு விற்றன.

ஆனாலும் அவரைத் திட்டியது பலர் முன்னால்; மன்னிப்புக் கேட்டது யாருக்கும் கேட்காமல். அது இன்றும் உறுத்துகிறது.