அம்மாவின் பயத்தில் என் பங்கு

தம்பி ராணுவத்தில் இருக்கிறான், எல்லையை ஒட்டிய ஒரு முகாமில். போன வருடம் இரண்டு நாடுகளும் ஏவுகணை வீசிக்கொண்டபோது, மேலகரத்தில் என்னோடு இருக்கும் அம்மா டி.வி. முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. செய்தியில் யாரோ அணுகுண்டு என்ற பேச்சை எடுத்ததும் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள். தென்காசியில் ஸ்கேன் சென்டர் ஒன்றில் எனக்கு ரிசப்ஷன் வேலை. சாயங்காலம் வந்து பார்த்தால், காலையில் வடித்து வைத்த சோறு அப்படியே இருக்கும். தம்பி போனில் அதட்டினால் இரண்டு வாய் சாப்பிடுவாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை. பொறாமைதான்.

அது புதிதாக வந்ததும் இல்லை. அப்பாவும் ராணுவத்தில்தான் இருந்தார். நம் நாடு பாலைவனத்தில் குண்டு வெடித்துச் சோதித்த கோடையில் அவருக்கு ராஜஸ்தானில் வேலை. கொஞ்ச நாளில் அந்தப் பக்கமும் வெடித்தார்கள். அப்போது எங்களுக்குக் குத்துக்கல்வலசையில் வாடகை வீடு. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன், தம்பி கைக்குழந்தை. ரேடியோவில் செய்தி தொடங்கியதும் அம்மா அவனைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொள்வாள். செய்தி எனக்குத்தான் புரிந்தது, அவனுக்கு என்ன தெரியும்? நானும் போய் ஒட்டி உட்கார்ந்தால், "பால் வாங்கிட்டு வாட்டி, கடைய அடைச்சிருவான்" என்பாள். வானத்தைப் பார்த்துக்கொண்டே கடைக்கு நடப்பேன்.

இப்போது என் மகள் ஒன்பதாம் வகுப்பு. போன வருடச் சண்டையின்போது, குண்டு விழுந்தால் எவ்வளவு தூரம் எரியும் என்று காட்டும் வரைபடம் ஒன்று போனில் சுற்றியது. கூடங்குளத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவளும் தோழிகளும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி போனில் பேசியபோது அவனிடம் கேட்டாள். அவன் ஏதோ சமாதானம் சொல்ல, சிரித்தாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அம்மாவிடம் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"எனக்காக என்னைக்காவது பயந்திருக்கியாம்மா?"

அம்மா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒனக்கென்னட்டி? நீ இங்கனதான இருக்க."

"கூடங்குளமும் இங்கனதாம்மா இருக்கு."

திரும்பி ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, தம்பிக்கு இன்னொரு தடவை போன் போடச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன்.

சண்டை நின்றது. சாரல் தொடங்கியதும் தம்பி லீவில் வந்தான். எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். அம்மா ஆண்கள் பக்கத்துக் கம்பிக்கு வெளியே துண்டோடு நின்று, கூட்டத்தில் அவன் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் மகளும் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்து நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பஜ்ஜிக் கடையில் தம்பி என்னைத் தனியே இழுத்தான். "யக்கா, அம்மையக் கொஞ்சம் பாத்துக்கிடேன். ஓயாம போன் பண்ணுதா. டூட்டியில எடுக்க முடியாது. எடுக்கலன்னா அழுவாளேன்னு எனக்கு அது வேற பயம். நீ குடுத்து வச்சவ, ஒன்ன யாரும் இந்தப் பாடு படுத்தல."

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் ஏங்கிக் கிடந்ததை அவன் தொந்தரவு என்கிறான். பஜ்ஜி ஆறுது, சாப்பிடு என்று மட்டும் சொன்னேன்.

அவன் போய்ச் சில வாரம் இருக்கும். டி.வி.யில் வேறு ஏதோ தேசத்துச் சண்டை ஓடியது. நான் வேலைக்குக் கிளம்பும்போது மகள் செருப்புப் போடவிடாமல் வந்து நின்றாள்.

"நீ தென்காசில இருக்கும்போது குண்டு விழுந்து பஸ்ஸும் ஓடலன்னா, எப்படிம்மா வருவ?"

"நடந்து வந்துருவேன். என்ன பெரிய தூரம்?"

"போனும் வேலை செய்யாதுல்லா. நீ வாரியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்குப் போன் செய்கிறாள். சென்டரில் எத்தனை கூட்டம் இருந்தாலும் எடுத்துவிடுவேன். பக்கத்து சீட்டுப் பெண்ணிடம், மகள் என்னைத் தேடுகிறாள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஒருநாள் மட்டும் எடுக்க முடியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால், தூறலில் குடை இல்லாமல் ஸ்டாப்பில் நிற்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

சந்தோஷப்பட்டேனா என்றால், பட்டேன். இந்தப் பயம் இவளுக்கு வந்திருக்க வேண்டாமே என்றும் வழியெல்லாம் நினைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நனைந்து நின்ற எங்களைப் பார்த்து, சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டினாள்.